ஜாக்கும் ஒன்பதும் வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அதனால் ஊரில் எனக்கு யோசிக்கிற மனிதன் என்று ஒரு பெயர் இருந்தது. உண்மையில் இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஒன்றையும் யோசிக்காதவனும் கதைக்காமல் இருக்கலாம். ஆனால் கிடைத்த பெயரை வேண்டாம் என்று எவர் சொல்வார்? நாற்பத்தொன்பது வயதுவரை அதைக் காப்பாற்றினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒற்றை விரலால் தொலைத்தேன்.

வாசிகசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வெங்காயச் செய்கை பற்றி எழுதுகிறேன் என்றேன். அது வேண்டாம், அந்தச் சீட்டுக் கதையை எழுது என்றார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் விட்ட பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அதை இதுவரை ஒருவரும் பொறுக்கவில்லை.

உரும்பிராயில் எனக்குக் கொஞ்சம் தோட்டம். வெங்காயமும் வாழையும். அந்த வருமானத்தில் ஒரு வீடு கட்டினேன். ஆறு வருடம் எடுத்தது. விலை நன்றாக இருந்த வருடம் சுவர் எழும்பியது. மழை அழித்த வருடம் சுவரில் புல் எழும்பியது. நான் அவசரப்படவில்லை. அவசரப்படாத ஆள் என்று மேசனும் சொன்னான். (அவனுக்குக் கூலி பிந்தியதை அவன் அப்படித்தான் நாகரிகமாகச் சொன்னான்.)

வீடு முடிந்தது. குடிபூரலுக்கு, புது அடுப்பில் பால் பொங்கிக் குடிபுக, நாள் பார்க்கலாம் என்றேன். என் மனைவி வதனி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அக்கா வரவேணும். அக்கா வராமல் நான் அந்த அடுப்பை மூட்டமாட்டன்."

ராணியக்கா வதனிக்கு மூத்தவர். தாய் தகப்பன் இல்லாத காலத்தில் வதனியை வளர்த்தவர் அவர்தான். கலியாணம் முடித்து டென்மார்க் போய் இருபத்தொரு வருடம். ஒரு தடவையும் வரவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் போன் எடுப்பார். அடுத்த வருடம் கட்டாயம் வாறன் என்பார். வதனியும் ஒவ்வொரு வருடமும் நம்புவாள்.

வராததற்குக் காரணம் அக்கா இல்லை. அவருடைய கணவர், என் சகலன், நவமண்ணை.

நவமண்ணை கெட்டவர் இல்லை. சிக்கனமானவர். வருடம் முழுவதற்குமான பிறந்தநாள் வாழ்த்துகளைச் சனவரி முதலாந் திகதி ஒரே செய்தியில் குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிடுவார். பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழிப்பார். அக்கா விமான ரிக்கற் பற்றிக் கதைத்தால், "இப்ப விலை கூட, இறங்கும், பொறு" என்பார். கூடினால் இறங்கட்டும் என்பார். இறங்கினால் இன்னும் இறங்கும் என்பார். இருபத்தொரு வருடமாக அந்த ரிக்கற் இறங்கி முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் சுதன் புகுந்தான். வதனியின் தம்பி. ரொறன்ரோவில் இருக்கிறான். நான் ஒரு மாதம் கதைக்கிறதை அவன் பல் விளக்கி முடிக்கமுதல் கதைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா நாட்டில் இருக்கிற சொந்தங்களும் வீடியோவில் கூடுவது வழக்கம். வர வரக் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனது. என்ன கறி என்று கேட்பதும் எவ்வளவு நாளைக்கு? ஆகவே சுதன் ஒரு போட்டி அறிவித்தான். குடும்பப் போக்கர் போட்டி. போனில் விளையாடுவது. வைக்கிறது உண்மைக் காசு இல்லை, போன் தருகிற சும்மா சிப்ஸ். பரிசு மாத்திரம் உண்மை. வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள் சேர்ந்து ஒரு விமான ரிக்கற் எடுக்கும். யாழ்ப்பாணம் வந்து போக. அதில் யார் வருவது என்று வென்றவர் சொல்லலாம்.

வதனி அன்று முதன்முதலாக ஒரு சீட்டு விளையாட்டைப் பற்றி நல்ல முகத்தோடு என்னோடு கதைத்தாள்.

"நீங்கள் வெண்டால் அக்கான்ரை பேரைச் சொல்லலாம்தானே. சும்மா வாற ரிக்கற்றை அத்தான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டார்."

அது உண்மை. இனாமாக வந்ததை வீணாக்க நவமண்ணையின் உடம்பு இடம் கொடாது.

"ஓம்" என்றேன்.

அடுத்த நாளே வதனி புது வீட்டில் ஒரு அறைக்கு நீலப் பூச்சு அடிப்பித்தாள். அக்காவுக்கு நீலம் பிடிக்கும். மெத்தையும் வந்தது. ஒரு அலுமாரியும் வந்தது. நான் இன்னும் ஒரு சீட்டும் பிடிக்கவில்லை. அறை தயாராகிவிட்டது.

இனி என் தகைமையைச் சொல்லவேண்டும். நான் சீட்டுக்குப் புதியவன் இல்லை. இருபத்தைந்து வருடமாக முந்நூற்று நாலு விளையாடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் கூடினால் அதுதான். நாலு பேர், இரண்டு கட்சி. எனக்கு எதிரில் இருக்கிற என் கட்சிக்காரன் மணியம். பக்கத்துக் காணி. இரண்டு பேரும் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், பெரிய கைகள். தோற்றவன் காதில் சீட்டைக் கொழுவிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கைச் சட்டம். என் காதில் சீட்டு ஏறியது மிகக் குறைவு. (இதை மணியத்திடம் கேட்கவேண்டாம்.)

முந்நூற்று நாலு தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கதைக்கு அது ஒன்று போதும். அதில் ஜாக்தான் எல்லாச் சீட்டிலும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஏஸ் மூன்றாவது. ராசாவும் ராணியும் எங்கேயோ பின்னுக்கு நிற்பார்கள். உலகத்தில் வேறு எந்த விளையாட்டில் அப்படி என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது பிறவியில் வந்தது. ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து கைக்கு வந்தால் யாழ்ப்பாணத்து மனிதனின் முதுகு தானாக நிமிரும். குரலில் ஒரு கனம் வரும். பொதுவாக அவன் அதற்குப் பிறகு தோற்கமாட்டான்.

போக்கர் அப்படி இல்லை. அதில் ஏஸ் பெரியது. பிறகு ராசா. பிறகு ராணி. ஜாக் நாலாவது. ஒன்பது ஒரு ஒன்பது, அவ்வளவுதான்.

எனக்குப் படிப்பித்தது என் மகள் அபி. உயர்தரச் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். மூன்று கிழமை, தோட்டத்தால் வந்து கால் கழுவின பிறகு, ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். இரண்டையும் சேர்த்து எவரிடம் நல்ல கூட்டு இருக்கிறதோ அவர் வென்றார். ஒவ்வொரு தரமும் சிப்ஸ் வைக்கலாம், கூட்டலாம், பிடிக்காவிட்டால் சீட்டை எறிந்துவிட்டு இருக்கலாம். விளங்கியது. வெங்காயம் விற்கிறதைவிடச் சுலபம்.

திரையின் கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது ஓல் இன். கையிலை உள்ள முழுச் சிப்ஸையும் ஒரே தரத்திலை தள்ளுறது. தோத்தால் எழும்பி வீட்டை போகவேண்டியதுதான். நீங்கள் அதைத் தொடக்கூடாது அப்பா."

"வீட்டிலைதானே இருக்கிறன்."

"பகிடி விடாதையுங்கோ. உதிலைதான் எல்லாரும் அழியிறது. நல்ல சீட்டு எண்டு ஒரு சந்தோசம் வரும். அந்தச் சந்தோசத்திலை கை போயிடும்."

அபி ஒரு வழி சொன்னாள். பெரிதாக ஏதாவது வைக்க மனம் வந்தால் போனை மேசையில் வைக்கவேண்டும். கையை எடுக்கவேண்டும். பக்கத்தில் செம்பில் தண்ணீர் இருக்கும். ஒரு வாய் குடிக்கவேண்டும். குடிக்கும்போது என் சீட்டைப் பற்றி யோசிக்கக்கூடாது. எதிரி ஏன் வைத்தான் என்று யோசிக்கவேண்டும். பிறகும் மனம் மாறாவிட்டால் வைக்கலாம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சீட்டுகளை ஏஸிலிருந்து இரண்டுவரை பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஜாக்குக்கு முன்னால் "நாலாவது" என்று எழுதி இரண்டு கோடு கீறினாள். பிள்ளைக்கு என்னைத் தெரியும்.

இன்னொரு பலமும் எனக்கு இருந்தது. என் முகம். சந்தோசம், கவலை, பசி எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக வதனி அதைப் படிக்கப் பார்க்கிறாள். முடியவில்லை. போக்கருக்கு அப்படி முகம் வேண்டுமாம். ஆனால் போனில் விளையாடுகிறபோது எல்லோரும் தங்கள் சீட்டைத்தான் பார்ப்பார்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். என் ஒரே ஆயுதம் பெட்டிக்குள் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின்னேரம் நாலரை மணி. ரொறன்ரோவில் அப்போது விடியக்காலை. டென்மார்க்கில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். புது வீட்டு விறாந்தையில் மேசை போட்டோம். நான் அபியின் போனில் விளையாடினேன். வதனியின் போன் பால்மா ரின்னில் சாய்ந்து நின்றது. அதில் வீடியோ. எல்லாரும் தெரிந்தார்கள். நவமண்ணை மாத்திரம் தெரியவில்லை. தன்னுடைய படத்தை மூடி வைத்திருந்தார். டேட்டா மிச்சமாம். (வீட்டு இணைப்பில் டேட்டா மிச்சம் பிடித்த முதல் மனிதர்.) ராணியக்கா அவருக்குப் பக்கத்தில் வேறு போனில் இருந்து வதனியோடு கதைத்தார். சுவரில் கலண்டர் தாள். மேசையில் செம்பு. எனக்குப் பின்னால் கதிரையில் மணியம். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. இருபத்தைந்து வருடம் ஒரே கட்சி, எப்படி வராமல் இருக்கிறது என்றான்.

எட்டுப் பேர் ஆரம்பித்தோம். பத்தாவது நிமிடத்தில் சுதன் போனான். இரண்டு ராணி வந்ததும் சிவப்புப் பொத்தானை அமத்தினான். இலண்டனில் இருக்கிற மச்சான் ஒருவரிடம் இரண்டு ராசா இருந்தது. போட்டியை ஒழுங்கு செய்தவனே முதலில் வெளியே.

அப்போது நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் வாய் திறந்து கெட்ட நேரங்களில் இது பெரியது.

"பொறுமை வேணும், சுதன்" என்றேன்.

இரண்டு சொல்தான். எல்லா நாட்டிலும் கேட்டது. வதனி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

பிறகு நான் உண்மையாகவே நன்றாக விளையாடினேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு அநியாயம். பிடிக்காத சீட்டை எறிந்தேன். மூன்று தரம் போனை மேசையில் வைத்துத் தண்ணீர் குடித்தேன். மூன்று தரமும் மனம் மாறியது. மூன்று தரமும் தப்பினேன். இலண்டன் மச்சானின் சிப்ஸ் மெல்ல மெல்ல என்னிடம் வந்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற மாதிரி ஒரு வேலை. பாத்தி நிறையும்வரை நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

நவமண்ணை என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. சீட்டு வரும், எறிவார். வரும், எறிவார். சும்மா சிப்ஸைக்கூட அவருக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் இரண்டே இரண்டு தரம் வைத்தார். ஒரு தரம் அவர் மகனே அவரோடு மோதினான். அவரிடம் மூன்று ராசா. மகன் வெளியே. மற்றத் தரம் இலண்டனில் இன்னொருவர் மோதினார். அவரும் வெளியே. பிறகு நவமண்ணை திரும்ப எறியத் தொடங்கினார்.

ஆறே முக்கால் ஆனது. மூன்று பேர் மிஞ்சினோம். நான், நவமண்ணை, சுதனின் மகள் மாயா. மாயாவிடம் சிப்ஸ் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நவமண்ணையிடம் என்னைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம்தான். விளக்கு வைக்கிற நேரம். வதனி நாங்கள் அப்போது இருந்த பழைய வீட்டுச் சாமி அறைக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினாள். வீடியோவில் ராணியக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பின்னேரம் முழுக்க எழும்பிப் போகவும் இல்லை.

அபி காதுக்குள் சொன்னாள்: "இனிச் சும்மா இருங்கோ அப்பா. மாயா போகட்டும். பெரியப்பா வைக்கமாட்டார். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம்."

"ஓம்" என்றேன்.

சீட்டு வந்தது.

முதலில் ஸ்கோப்பன், அதாவது கறுப்பு ஸ்பேட், ஜாக். அதற்குப் பக்கத்தில் ஸ்கோப்பன் ஒன்பது.

நான் அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? மூன்று கிழமைப் படிப்பு இருந்தது. கலண்டர் தாள் கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு கோடு கீறின "நாலாவது" இருந்தது. ஆனால் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. கறுப்பு ஸ்கோப்பன் இரண்டும் கோயில் விளக்கு மாதிரித் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் இந்த இரண்டு சீட்டும் என்னைக் கைவிட்டதில்லை.

பின்னால் மணியம் கதிரையை முன்னுக்கு இழுத்தான். அவனும் பார்த்துவிட்டான்.

அந்த நேரம் நவமண்ணை சிப்ஸ் வைத்தார். அதுவும் பெரிதாக. இரண்டு மணித்தியாலத்தில் மூன்றாவது தரம்.

சிந்திக்கத் தெரிந்த எந்த மனிதனும் அங்கேயே சீட்டை எறிந்திருப்பான். பற்பசைக் குழாயை வெட்டி வழிக்கிற மனிதர் பெரிதாக ஒன்றை வைக்கிறார் என்றால், அவர் கையில் என்ன இருக்கும் என்று ஒரு வயதுப் பிள்ளையும் சொல்லும். நானும் யோசித்தேன். இப்படி யோசித்தேன்: பாவம், அவருக்கு என் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

"அப்பா, தண்ணி" என்றாள் அபி.

போனை மேசையில் வைத்தேன். கையை எடுத்தேன். செம்பைத் தூக்கினேன்.

செம்பு வெறுமை.

மணியம் குடித்து முடித்திருந்தான். பதற்றத்தில் தனக்கு நா வறண்டுபோனதாகப் பிறகு சொன்னான். அவன் விளையாடவே இல்லை. அவனுக்கு என்ன பதற்றம்?

அபி செம்பைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். எனக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவில் இப்போது மணியம் மாத்திரம்தான் இருந்தான். அவன் என் தோளில் கையை வைத்தான். முந்நூற்று நாலில் என்ன சொல்வானோ அதையே சொன்னான்.

"வந்திட்டுதடா ராசன். விடாதை."

அமத்தினேன்.

போன் முழுச் சிப்ஸையும் சத்தத்தோடு நடுவுக்குத் தள்ளியது. காசு கொட்டுகிற மாதிரிச் சத்தம். இனிமையாகத்தான் இருந்தது.

அபி செம்போடு வாசலில் நின்றாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செம்பைப் பக்கத்தில் இருந்த பூச்சாடிக்குள் கவிழ்த்தாள்.

மாயா சீட்டை எறிந்துவிட்டாள். நவமண்ணை அவசரப்படவில்லை. போன் ஒவ்வொருவருக்கும் யோசிக்க அரை நிமிடம் தரும். அவர் அந்த அரை நிமிடத்தையும் வீணாக்காமல் கடைசி வரைக்கும் பாவித்தார். பிறகு ஏற்றுக்கொண்டார். சீட்டுகள் திறந்தன.

இரண்டு ஏஸ்.

"ஏஸ்தானே" என்றான் மணியம் நிம்மதியாக. "உன்ரை ஜாக் அதைத் தின்னும்."

நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் கலண்டர் தாள் கண்ணில் பட்டது. ஏஸ், மேலே, முதலாவதாக, அபியின் உருண்டைக் கையெழுத்தில்.

நடுவில் சீட்டு விரிந்தது. ராசா, நாலு, ஜாக். ஜாக்கைக் கண்டதும் மணியம் கதிரையை விட்டு எழும்பினான். இரண்டு ஜாக் ஆகிவிட்டது என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. இரண்டு ஏஸ் இரண்டு ஜாக்கைவிடப் பெரிது என்று அபி அமைதியாகச் சொன்னாள். அடுத்த சீட்டு இரண்டு. கடைசியாக ஏழு. முடிந்தது. என் பெயர் திரையில் சாம்பல் நிறமாகியது.

வீடியோவில் சுதனின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது. பிறகு கேட்டான்:

"பொறுமை வேணும் அத்தான், என்ன?"

பால்மா ரின்னுக்குப் பின்னால் ஒளிக்க முடிந்திருந்தால் ஒளித்திருப்பேன். மணியத்தைத் திரும்பிப் பார்த்தேன். கதிரை வெறுமை. அவனுடைய செருப்பும் இல்லை. வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போகிறவனின் முதுகு மாத்திரம் தெரிந்தது.

மாயா அடுத்த இரண்டாவது சுற்றில் போனாள். நவமண்ணை வென்றார். அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வென்றது அக்காவின் கணவர். ரிக்கற் எப்படியும் அக்காவுக்குத்தானே? வதனியும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள். யாருடைய பெயரைப் போட என்று சுதன் கேட்டான்.

நவமண்ணை தொண்டையைச் செருமினார்.

"என்ரை பேரைப் போடு. கொக்குவில் காணியிலை வேலியை ஆரோ தள்ளிப் போட்டினமாம். ஒருக்காப் பாக்கவேணும்."

ராணியக்கா படத்தில் இருந்து எழும்பினார். கதிரை மாத்திரம் தெரிந்தது.

எங்கள் வீட்டில் கதைக்காமல் இருப்பது என்னுடைய வேலை. அன்றிலிருந்து வதனி அதையும் எடுத்துக்கொண்டாள். சாப்பாடு மேசைக்கு வந்தது. தேத்தண்ணீர் வந்தது. சொல் வரவில்லை. தேவையானதை அபியிடம் சொல்வாள். அபி எனக்குச் சொல்வாள். மூன்றடி தூரத்தில் நான் நிற்பேன். ஒரு நாள் நீல அறைக்குள் போய்ப் பார்த்தேன். மெத்தையில் இன்னும் பொலித்தீன் உறை இருந்தது. அதற்குமேல் வதனி அக்காவுக்கென்று வாங்கின புதுத் துவாய். நான் கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அன்று தேவைக்கு மேலே தண்ணீர் இறைத்தேன்.

கதைக்கவேண்டும் என்று எனக்கு வாழ்க்கையில் ஆசை வந்தது அந்த நாட்களில்தான். நாலாம் நாள் குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"பிழைதான்."

வதனி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஜாக்கும் ஒன்பதும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அது எனக்கு நேரே சொன்னது. அபி மூலமாக வரவில்லை. அது போதும் என்று வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை போன் வந்தது. ராணியக்கா. வதனி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அக்காவின் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது.

"வதனி, நான் ரிக்கற் போட்டிட்டன்."

"ஆர் போட்டது? அத்தானோ?"

"அந்தாள் போடுமோ? என்ரை காசு. மேலதிக வேலை செய்து வைச்சிருந்தது. இருபத்தொரு வருசமா விலை இறங்கட்டும் எண்டு கேட்டுக்கொண்டு இருந்திட்டன். உந்த மனுசன் வேலி பாக்கப் போகலாமாம். நான் என்ரை தங்கச்சி வீடு பாக்க வரக்கூடாதோ?"

வதனி அழுதாள். பிறகு சிரித்தாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். அக்கா மேலும் சொன்னார். நவமண்ணை வென்றிருக்காவிட்டால், தன் பெயரைத் தானே சொல்லியிருக்காவிட்டால், தனக்கு இந்தக் கோபம் வந்தேயிருக்காதாம். அடுத்த வருடம் என்று இன்னும் சொல்லிக்கொண்டே இருந்திருப்பாராம்.

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வதனி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று தெரியாது. கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

(இதைக் கேட்ட மணியம், அப்படியென்றால் எல்லாம் தன்னால்தான் என்றான். தான் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டான். ஒன்பது நாளாக எங்கள் பக்கம் தலை காட்டாதவன் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.)

புருசனும் பெண்சாதியும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே வீட்டிலிருந்து, இரண்டு விமானத்தில் வந்தார்கள். அக்கா நல்ல விமானத்தில் ஒரு நாள் முந்தி வந்தார். நவமண்ணை பரிசு ரிக்கற்றில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, கண் சிவந்து வந்தார். நீல அறையில் அக்கா படுத்தார். நவமண்ணைக்கு விறாந்தையில் பாய் போட்டோம். வேலி ஒரு முழம் தள்ளியிருந்தது உண்மைதான். அதைத் தள்ளியது இவருடைய சொந்தத் தம்பி. அது வேறு கதை.

குடிபூரலுக்குப் பால் பொங்கியது. அக்காதான் அடுப்பை மூட்டினார். வதனி பக்கத்தில் நின்று புகையில் கண் கலங்கினதாகச் சொன்னாள். புகை மற்றப் பக்கம் போனது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆம்பிளைகள் முந்நூற்று நாலுக்கு இருந்தோம். எனக்கு எதிரே மணியம். மற்றக் கட்சியில் நவமண்ணையும் அவருடைய தம்பியும். (ஒரே கட்சியில் இருத்தினால் சண்டை வராது என்று நினைத்தோம். வந்தது.) கடைசி ஆட்டம். சீட்டைப் போட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். ஸ்கோப்பன் ஜாக். ஸ்கோப்பன் ஒன்பது. இந்த முறை அவை உண்மையாகவே பெரிய சீட்டுகள். உலகத்திலேயே அந்த விளையாட்டில், அந்தப் பாயில், அவைதான் பெரியவை. இத்தனை புள்ளி எடுப்போம் என்று துணிந்து கேட்கவேண்டிய இடம்.

நான் சீட்டைப் பாயில் கவிழ்த்து வைத்தேன். கையை எடுத்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். எதிரி என்ன வைத்திருப்பான் என்று யோசித்தேன்.

"பாஸ்" என்றேன்.

நவமண்ணை கேட்டார். ஆட்டத்தை அவர்கள் எடுத்தார்கள். ஆட்டம் முடிந்து என் கையில் என்ன இருந்ததென்று மணியம் கண்டான். எழும்பி வந்தான். அந்த இரண்டு சீட்டையும் எடுத்தான். ஜாக்கை என் வலது காதில் கொழுவினான். ஒன்பதை இடது காதில் கொழுவினான். அந்த நேரம் பார்த்து அபி படம் எடுத்தாள்.

அந்தப் படம் இப்போது சட்டம் போட்டு, புது வீட்டு முன் அறையில், மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குகிறது. நடுவில் நான். முகத்தில் ஒன்றும் இல்லை. காதில் இரண்டு சீட்டு. எனக்குப் பின்னால் அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்த மறந்து சிரிக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்பார்கள். வதனி சொல்வாள். கதை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் நீளுகிறது. நான் திருத்துவதில்லை. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் குடித்துவிடுவேன்.

இப்போது நான் எதையாவது சட்டென்று செய்யப் புறப்பட்டால் வீட்டில் ஒரே கேள்விதான். "ஜாக்கும் ஒன்பதுமோ?" அந்தக் கேள்வியால் ஒரு பழைய மோட்டர் வாங்காமல் தப்பினேன். வெங்காயத்தை முதல் வந்த வியாபாரிக்கு விற்காமல் தப்பினேன். சந்தையில் பார்த்த ஒரு ஆட்டையும் வாங்காமல் தப்பினேன். ஆடு நல்ல ஆடு. அந்த ஒன்றில் மாத்திரம் எனக்குக் கவலை.

சுதன் இந்த வருடமும் போட்டி வைக்கிறான். நவமண்ணை இப்போதே ஆயத்தமாம். எங்கள் வீட்டுக்காக அபி விளையாடுகிறாள். எனக்கும் ஒரு வேலை தந்திருக்கிறார்கள். செம்பில் தண்ணீர் குறையாமல் பார்க்கவேண்டும். மணியம் குடிக்கக்கூடாது.